1863 பருத்தி மோசடிச் சட்டம்: இன்ஸ்பெக்டரும் முத்திரையும் இருந்தும் கலப்படம் ஏன் நிற்கவில்லை?

வண்டல்மண் (கேள்வி)

வணக்கம் நண்பர்களே. காலனிக் காலத்துப் பருத்தி வியாபார மோசடிகள் பற்றி ஒரு கட்டுரைக்குத் தகவல் திரட்டுகிறேன். சட்டங்களின் வரிசை ஓரளவு பிடிபட்டுவிட்டது. பம்பாயில் 1829ஆம் ஆண்டின் ஒழுங்குமுறை, 1863இல் பருத்தி மோசடிச் சட்டம், 1878இல் அதற்குப் பதில் இன்னொன்று, 1882இல் அதுவும் ரத்து. பிறகு நாற்பது வருடம் கழித்து 1923, 1925 என்று அகில இந்தியச் சட்டங்கள்.

எனக்குப் புரியாதவை இவை:

எந்தக் கட்டத்தில், எதை, எப்படிக் கலந்தார்கள்? "கலப்படம்" என்ற ஒரே சொல்லைத்தான் எல்லா இடத்திலும் பார்க்கிறேன்.

இன்ஸ்பெக்டர், பிரஸ்ஸுக்கு (பஞ்சை அழுத்திக் கட்டும் ஆலை) லைசென்ஸ், பேல் (இறுக்கிக் கட்டிய பஞ்சுப் பொதி) மீது முத்திரை, சிறைத் தண்டனை எல்லாம் இருந்தும் 1863 சட்டம் ஏன் எடுபடவில்லை?

நம்ம பக்கம், அதாவது திருநெல்வேலி, தூத்துக்குடி வட்டாரத்தில் நிலைமை என்ன? புளிச்சைப் பருத்தி என்று ஒன்று அடிக்கடி வருகிறது, அதற்கும் மோசடிக்கும் என்ன தொடர்பு?

---

பேல்மார்க்

முதல் கேள்விக்கு மட்டும் நான் சொல்கிறேன். "கலப்படம்" என்று ஒரே பெயரில் அழைத்தாலும் நடந்தது நாலு தனித்தனி வேலை. ஒவ்வொன்றையும் செய்த ஆளும் வேறு, இடமும் வேறு. இதைப் பிரித்துப் பார்க்காவிட்டால் சட்டம் ஏன் தோற்றது என்பதும் புரியாது.

ஒன்று, குப்பை. வெடித்த காயைச் செடியிலிருந்தே சுத்தமாக எடுத்தால் சருகு ஒட்டாது. தரையில் உதிர்ந்ததையும் சேர்த்து அள்ளினால் இலைத்தூள், மண், காய்த்தோல் எல்லாம் கூடவே வரும். பறிப்புக்கூலி எடைக்கணக்கில் என்றால் பறிப்பவருக்கும் அதில் நஷ்டமில்லை. இதில் பாதி அலட்சியம், பாதி திட்டமிட்டது. எது எவ்வளவு என்று நீதிமன்றத்தில் நிரூபிக்க முடியாது.

இரண்டு, கொட்டை. கைராட்டினத்தில் அரைத்தபோது, அதாவது கொட்டையிலிருந்து பஞ்சைப் பிரித்தபோது, உருளைகளுக்கு நடுவே நசுங்கிய கொட்டைத் துண்டுகள் பஞ்சோடு போவது சகஜம். அதைப் பொறுக்கி எடுக்கக் கூலி ஆகும். விட்டுவைத்தால் கொட்டையே பஞ்சு விலைக்குப் போகும். வேண்டுமென்றே முழுக் கொட்டையை அள்ளிப் போட்டவர்களும் உண்டு. நசுங்கிய கொட்டையில் எண்ணெய் இருக்கிறது. பேலுக்குள் அழுத்தம் ஏறும்போது சுற்றிலும் மஞ்சள் கறை பிடிக்கும். இங்கிலாந்தின் லங்காஷயர் நூற்பாலைக்காரர்கள் சூரத் பஞ்சை (இந்தியப் பஞ்சுக்கு அவர்கள் வைத்த பெயர்) திட்டியதற்குக் குட்டை இழை ஒரு காரணம், இந்தக் கொட்டைத்துண்டும் சருகும் இன்னொரு காரணம்.

மூன்று, தண்ணீர். லாபம் இதில்தான் சுலபம். பஞ்சை நிறுக்கும் பம்பாய்க் கண்டி என்ற அளவு 784 ராத்தல் (பவுண்டு), அதாவது 28 மணங்கு, மணங்குக்கு 28 ராத்தல். எடையில் இருபத்தெட்டில் ஒரு பங்கு, நூற்றுக்கு மூன்றரை சொச்சம், தண்ணீராக இருந்தால் கண்டிக்கு ஒரு மணங்கு சும்மா வருகிறது. விவசாயி செய்தால் வண்டியை ராத்திரி பனியில் திறந்து போடுவார். வியாபாரி செய்தால் கிடங்கில் பரப்பித் தெளிப்பார். பிரஸ்ஸில் செய்தால் அடுக்கடுக்காகப் போடும்போதே நடுவில் ஊற்றுவார்கள்.

நான்கு, ரகம் மாற்றல். நீள இழைப் பஞ்சில் குட்டை இழையைச் சேர்ப்பது, போன வருடத்துப் பழைய பஞ்சைப் புதுசோடு சேர்ப்பது, மூட்டையின் ஓரங்களில் நல்லதை வைத்து நடுவில் மட்டத்தைத் திணிப்பது. தார்வாரில் அமெரிக்க விதையிலிருந்து விளைந்து ரம்ப ஜின்னில் (ரம்பப் பற்களால் கொட்டை நீக்கும் இயந்திரம்) அரைத்த பஞ்சுக்கு நல்ல விலை. அதில் உள்ளூர் கும்டா பஞ்சைக் கலப்பது பெரிய தொழிலாகவே நடந்தது. முதல் மூன்றையும் கையால் தொட்டு, கண்ணால் பார்த்துக் கண்டுபிடித்துவிடலாம். நாலாவதைக் கண்டுபிடிக்க இழையைப் பிரித்து, விரலிடையில் இழுத்து, நீளத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கத் தெரிந்த ஆள் வேண்டும். நூற்பாலையில் மட்டும் அது தானாகவே தெரிந்துவிடும். நீள இழைக்கு என்று இடைவெளி வைத்த உருளைகளில் குட்டை இழை பிடிபடாமல் மிதக்கும். நூல் ஓரிடம் தடித்து ஓரிடம் மெலிந்து அறும்.

---

ஆவணப்பெட்டி

பேல்மார்க் சொன்னதிலிருந்தே இரண்டாவது கேள்விக்கு வரலாம். 1863 சட்டம் நாலு மோசடிக்கும் கடைசிக் கட்டத்தில்தான் காவல் வைத்தது: பிரஸ், கிடங்கு, துறைமுகம். மோசடி பல நேரம் அதற்கு முன்னாலேயே நடந்து முடிந்திருக்கும்.

ஒரு பேலை எடுத்துக்கொள்ளுங்கள். பம்பாய்க் கணக்கில் அரைக் கண்டி, 392 ராத்தல். இரும்புப் பட்டை போட்டு இறுக்கிவிட்டால் உள்ளே இருப்பதைப் பார்க்க ஒரே வழி, பட்டையை வெட்டிப் பிரிப்பதுதான். பிரித்தால் திரும்ப அழுத்த வேண்டும், கூலி யார் தருவது? அதனால் இன்ஸ்பெக்டர் செய்யக்கூடியது ஓரத்தில் கையை விட்டு ஒரு பிடி உருவிப் பார்ப்பது. ஓரத்தில் நல்லதை வைத்துக் கட்டும் கலை அதற்குள் நன்றாகவே தேறியிருந்தது.

அடுத்தது, உள்நாட்டிலிருந்து வரும் பஞ்சில் பெரும்பகுதி தளர் மூட்டையாகவோ அரை அழுத்தமாகவோ வந்து, பம்பாயில் பிரிந்து, தரம் சேர்க்கப்பட்டு, மறுபடி முழு அழுத்தத்துக்குப் போனது. முதல் பிரஸ்ஸின் முத்திரை அங்கேயே செத்துப்போகிறது. கப்பலேறும் பேல் மீது இருப்பது கடைசியாகத் தொட்டவரின் அடையாளம் மட்டும். அவரைப் பிடித்தால் "நான் வாங்கும்போதே இப்படித்தான் இருந்தது" என்பார். அது உண்மையாகவும் இருக்கலாம். சட்டமோ மோசடி நோக்கத்தை நிரூபிக்கச் சொன்னது. நாலு கை மாறிய சரக்கில் யாருடைய நோக்கம் என்று காட்டுவது?

மூன்றாவது, எல்லை. சட்டம் பிரிட்டிஷ் ஆட்சிப் பகுதிக்கு மட்டும். கத்தியவார் சமஸ்தானங்களிலும் பரோடாவிலும் விளைந்த பருத்தி ஏராளம். ஆற்றைத் தாண்டினால் இன்ஸ்பெக்டருக்கு அதிகாரமில்லை, கலப்பவருக்கு மட்டும் எந்தத் தடையுமில்லை.

பலரும் விடும் விஷயம் இன்னொன்று: விலை. 1861–65 அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது இங்கிலாந்தின் பஞ்சுத் துறைமுகமான லிவர்பூலுக்குப் பஞ்சு என்ற பெயரில் எது போனாலும் விலை கிடைத்தது. சுத்தமான சரக்குக்குத் தனி விலை தராத சந்தையில், கிராமத்தில் வாங்குபவரும் எல்லாவற்றுக்கும் சராசரி விலையே போடுவார். அப்போது சுத்தமாகப் பறித்துக் கொடுக்கும் விவசாயிதான் நஷ்டப்படுகிறார். அவருக்கு எதிராக வேலை செய்தது அந்த விலை முறை. தண்டனைச் சட்டம் அதைத் தொடவே இல்லை.

பேலுக்கு இவ்வளவு என்று கட்டணம் வசூலித்துத்தான் இந்த மேற்பார்வைத் துறை நடந்தது. போர் முடிந்து 1865இல் விலை சரிந்த பிறகு வியாபாரிகளுக்கு அந்தக் கட்டணம் கசக்க ஆரம்பித்தது. 1869இல் சூயஸ் கால்வாய், 1870இல் கடலடித் தந்தி; சரக்கும் செய்தியும் வேகமெடுத்தன. அதற்குள் ஐரோப்பியக் கம்பெனிகள் கம்காம், ஹிங்கன்காட் போன்ற உள்நாட்டுப் பருத்திச் சந்தைகள் வரைக்கும் ஏஜெண்டுகளை அனுப்பி, சொந்தக் கண்ணால் பார்த்து வாங்கி, அங்கேயே பிரஸ் போடத் தொடங்கிவிட்டன. "எங்கள் கண் போதும், சர்க்கார் கண் எதற்கு" என்பது அவர்கள் வாதம். 1874இல் விசாரணைக் குழு, 1878இல் புதுச் சட்டம், 1882இல் முற்றும்.

ரத்தானதும் கலப்படம் தீர்ந்துவிடவில்லை, இடம் மாறியது. நீராவி ஜின்னிங் ஆலைகள் பெருகியதும் கலவை வேலை வயல், கிடங்கு இரண்டையும் விட்டு ஆலை வளாகத்துக்குள் வந்தது. ஆயிரக்கணக்கான மூட்டைகளை ஒரே முற்றத்தில் வைத்து அரைக்கும் இடத்தில் ரகம் கலப்பது ஒரு மண்வெட்டி வேலை.

---

வண்டல்மண்

ரொம்ப நன்றி. ஒரு சந்தேகம். தண்ணீர் கலந்ததை அந்தக் காலத்தில் எப்படிக் கண்டுபிடித்தார்கள்? அது அவ்வளவு சுலபமாகத் தெரியும் என்றால் ஏன் தொடர்ந்தது?

---

பேல்மார்க்

கை வைத்தால் தெரியும், ஆனால் எவ்வளவு என்று தெரியாது. சிக்கல் அங்கேதான். பஞ்சுக்கு இயல்பாகவே ஈரம் உண்டு. உலர்ந்த எடைக்கு நூற்றுக்கு எட்டரை என்பதுதான் ஆய்வகங்கள் ஏற்ற நிலையான கணக்கு; அதுவும் காற்றின் ஈரத்துக்குத் தக்கபடி ஏறி இறங்கும். கடலோரக் கிடங்கில் ஒரு வாரம் கிடந்தாலே எடை கூடும். ஆக, வழக்கென்று வந்தால் "இது காற்று ஏற்றிய ஈரம்" என்று சொல்லிவிடலாம். சரியான பதில் வேண்டுமென்றால் மாதிரியை எடை போட்டு, அடுப்பில் உலர்த்தி, எடை இனி இறங்காது என்ற நிலை வரும்வரை திரும்பத் திரும்ப நிறுக்க வேண்டும். பருத்திச் சந்தை முற்றத்தில் அதற்கு யார் நேரம் கொடுப்பார்கள்?

ஆலைக்காரரிடம் இதைவிட நல்ல சாக்கு இருந்தது. எலும்பாகக் காய்ந்த பஞ்சை ரம்ப ஜின்னில் விட்டால் இழை அறும். பிரஸ்ஸிலும் லேசான ஈரம் இருந்தால் பஞ்சு அடங்கி உட்காரும், இல்லாவிட்டால் பட்டையை எதிர்த்துத் தெறிக்கும். இரண்டும் உண்மை. ஆகவே "தொழில் தேவைக்காகத் தெளித்தேன்" என்பதற்கும் "எடைக்காக ஊற்றினேன்" என்பதற்கும் நடுவில் இருந்தது ஒரு வாளி வித்தியாசம்.

பொய் வெளிப்படுவது மாதங்கள் கழித்து. நனைந்த பஞ்சை இறுக்கிக் கட்டினால் நடுவில் சூடேறும், பூஞ்சை பிடிக்கும், நிறம் மங்கும், இழை வலு இழக்கும். லிவர்பூலில் பேலைப் பிரிக்கும்போது வெளிச்சுற்று நன்றாகவும் நடுக்கட்டி புளித்த நெடியோடும் இருந்தால் அது காற்று ஏற்றிய ஈரம் இல்லை. காற்று ஈரம் வெளியிலிருந்து உள்ளே போகும். ஊற்றிய தண்ணீர் நடுவிலேயே மாட்டிக்கொள்ளும். அதற்குள் விற்றவர் பணம் வாங்கி அடுத்த பருவத்துக்கே போயிருப்பார்.

---

கரிசல்காடு

மூன்றாவது கேள்வி நம்ம ஊர் விஷயம், கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

தூத்துக்குடிக்கு ரயில் 1876இல் வந்தது. அதற்குப் பிறகு விருதுபட்டி (இன்றைய விருதுநகர்), சாத்தூர், கோவில்பட்டி எல்லாம் பருத்திச் சந்தைகளாகத் திரண்டன. "டின்னிவெல்லி" (திருநெல்வேலியின் ஆங்கிலப் பெயர்) என்று வெளிச்சந்தையில் பெயரெடுத்த பஞ்சு தனி ஒரு ரகம் அல்ல. கரிசலில் கலந்தே விளைந்த உப்பம், கருங்கண்ணி என்ற இரண்டு ரகங்கள்தான் அது. இந்தப் பெயருக்கு விலை இருந்தது. பெயருக்கு விலை இருக்கும் இடத்தில்தான் பெயரைத் திருடவும் ஆள் இருக்கும்.

புளிச்சை உள்ளே வந்தது இப்படித்தான். இழை குட்டை, முரடு. ஆனால் பார்க்க வெள்ளை. அதைவிட முக்கியம், அரைத்தால் பஞ்சு விகிதம் அதிகம். கணக்கு எளிதாகப் புரிய ஒரு உதாரணம் வைத்துக்கொள்வோம். எண்கள் விளக்கத்துக்கு மட்டும். மெட்ராஸ் கண்டி 500 ராத்தல். நூற்றுக்கு 25 பஞ்சு தரும் ரகத்தில் ஒரு கண்டிப் பஞ்சுக்கு 2,000 ராத்தல் கொட்டைப் பருத்தி வேண்டும். மூன்றில் ஒரு பங்கு பஞ்சு தரும் ரகத்தில் 1,500 போதும். இரண்டையும் ஒரே விலைக்கு வாங்கி, ஒரே பெயரில் விற்க முடிந்தால், 500 ராத்தல் பருத்தியின் விலை வியாபாரி மடியில். விவசாயிக்குக் கொஞ்சம் கூடுதல் விலை கொடுத்தே புளிச்சையை ஊக்குவிக்கலாம், அப்போதும் லாபம்தான். பேராரில் (இன்றைய மகாராஷ்டிரத்தின் விதர்பா பக்கம்) நீள இழை கொண்ட பானி ரகத்தை ஜாரி ரகம் தள்ளியதற்கும் அடிப்படை இதே கணக்குதான்.

இங்கே மோசடி வேறு உருவம் எடுக்கிறது. ஜின்னிங் ஆலையில் கலந்து அரைத்ததும் பஞ்சு ஏற்றுமதிக்குப் போய்விடும். கொட்டை எங்கே போகும்? ஒரு பகுதி மாட்டுக்கு, ஒரு பகுதி அடுத்த பருவ விதைக்கு. ஆலையிலிருந்து விதை வாங்கிய விவசாயி தெரியாமலே கலப்படத்தை விதைக்கிறார். இரண்டு மூன்று பருவத்தில் கலப்படம் வயலிலேயே விளையும். இதற்கு மேல் எந்த இன்ஸ்பெக்டர் யாரைப் பிடிப்பார்? வயலில் கலந்து விளைந்ததைப் பறித்துக் கொண்டுவந்தவரை மோசடிக்காரர் என்று சொல்லவும் முடியாது.

விவசாயத் துறை 1910களில் இதற்கு எதிராகக் கிளம்பியது. கோவில்பட்டிப் பண்ணையிலிருந்து தேர்ந்தெடுத்த கருங்கண்ணி விதையைப் பரப்பியது, புளிச்சையைப் பிடுங்கச் சொல்லிப் பிரசாரம் செய்தது. பிரசாரத்தால் மட்டும் நிற்கவில்லை. சட்டங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்த ஒழுங்கைக் கவனியுங்கள், ஒவ்வொன்றும் முந்தையதின் ஓட்டையை அடைக்க வந்தது.

1917–19 இந்தியப் பருத்திக் குழுவின் பரிந்துரையில் 1921இல் இந்திய மத்தியப் பருத்திக் குழு. 1923இல் பருத்திப் போக்குவரத்துச் சட்டம்: மாகாண அரசு ஒரு வட்டாரத்தைப் பாதுகாக்கப்பட்ட பகுதி என்று அறிவித்தால், வெளியிலிருந்து பஞ்சோ கொட்டைப் பருத்தியோ விதையோ லைசென்ஸ் இல்லாமல் உள்ளே வரக்கூடாது. லைசென்ஸ் நகல் காட்டாவிட்டால் ஸ்டேஷன் மாஸ்டர் சரக்கை ஏற்கவே மறுக்கலாம். நூற்பாலைகள் தங்கள் தேவைக்கு லைசென்ஸ் வாங்கிக்கொள்ளலாம். மட்டமான பருத்தி நல்ல வட்டாரத்துக்கு ரயிலேறிப் போய், அங்கே அரைபட்டு, அந்த ஊர்ப் பெயரோடு திரும்பி வரும் கூத்துக்கு இது முட்டுக்கட்டை. கவனித்தீர்களா, இதில் யாருடைய நோக்கத்தையும் நிரூபிக்க வேண்டியதில்லை. சரக்கு எல்லை தாண்டியதா இல்லையா, அவ்வளவுதான். 1863க்கும் இதற்கும் உள்ள முக்கிய வித்தியாசம் இது. மாட்டு வண்டிப் பாதைகள் மட்டும் கடைசி வரை தலைவலி.

1925இல் ஜின்னிங், பிரஸ்ஸிங் ஆலைகள் சட்டம். யாருக்காக என்றைக்கு அரைத்தது என்று பதிவேடு, ஒவ்வொரு பேலுக்கும் ஆலைக்கென்று ஒதுக்கிய பிரஸ் அடையாளமும் தொடர் எண்ணும், வாரக் கணக்கு சர்க்காருக்கு. புதிதாகக் கட்டும் ஆலையில் அரைக்காத பருத்தியும் அரைத்த பஞ்சும் வெவ்வேறு வழியாகப் போக வேண்டும், பிரஸ் கூடத்துக்குத் தளம் போட வேண்டும். மண் தரையில் பஞ்சைக் கூட்டி அள்ளினால் மண்ணும் எடையில் சேரும் என்பதுதான் தளத்துக்குக் காரணம். இந்தச் சட்டம் ரகம் கலப்பதைத் தடை செய்யவில்லை. பேல் எந்த ஆலையிலிருந்து வந்தது என்று தேடிப்போக ஒரு நூல் கொடுத்தது, அவ்வளவே.

இவை இரண்டுக்கும் பிடிபடாதது உள்ளூரிலேயே விளையும் புளிச்சை. எல்லை தாண்டாது, பதிவேட்டிலும் சாதாரணப் பருத்தியாகவே ஏறும். அதற்காக வந்ததுதான் 1932இன் மெட்ராஸ் பருத்திக் கட்டுப்பாட்டுச் சட்டம். இந்த முறை செடியிலேயே கை வைத்தார்கள்: அறிவிக்கப்பட்ட பகுதியில் புளிச்சை பயிரிடுவதே தடை.

---

துலாக்கோல்

எல்லாம் சரி, ஒன்று மட்டும் உறுத்துகிறது. மேலே பேசியது முழுக்க லிவர்பூலும் ஆலைக்காரரும் ஏமாந்த கதை. பருத்தி விற்ற சம்சாரி, அதாவது விவசாயி, ஏமாந்ததை அன்றைய ஆவணங்கள் "மோசடி" என்ற தலைப்பில் வைக்கவே இல்லை. கட்டுரையில் அதை விட்டுவிடாதீர்கள்.

தரகரும் வாங்குபவரும் துண்டுக்குள் விரலைப் பிடித்து விலை பேசுவார்கள், சரக்குக்கு உடையவருக்கு விலை தெரியாது. நிறுவையின்போது தூசிக்கு ஒரு கழிவு, ஈரத்துக்கு ஒரு கழிவு, சாக்குக்கு ஒரு கழிவு. மாதிரி என்று அள்ளிய பருத்தி திரும்ப வராது. தரகு, எடைக்கூலி, மகமை (தர்மக் காரியத்துக்கு என்று எடுப்பது) என்று பிடித்தம். விலை பேசி முடித்து வண்டியை அவிழ்த்த பிறகு "உள்ளே ஈரம்" என்று விலையைக் குறைப்பார்கள். திரும்பக் கொண்டுபோக வண்டி வாடகை இல்லாதவர் என்ன செய்வார்? பலருக்கு வாங்குபவரே முன்பணம் கொடுத்த கடன்காரராகவும் இருப்பார், வேறு ஆளிடம் போகும் பேச்சே இல்லை.

ஆவணப்பெட்டி சொன்ன சராசரி விலையோடு இதைச் சேர்த்துப் பாருங்கள். ஈரம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஈரக்கழிவு உண்டு என்றால், பனியில் வண்டியைப் போடாதவர்தான் இரண்டு பக்கமும் இழப்பார்.

இதைத் தொட்ட சட்டங்கள் வேறு வரிசை. ஹைதராபாத் ரெசிடென்சியின் (அங்கிருந்த பிரிட்டிஷ் பிரதிநிதியின் நிர்வாகம்) கீழ், பேரார் பக்கத்துக் காரஞ்சாவில் 1886இல் முறைப்படுத்திய சந்தை, 1897இல் பேரார் பருத்தி, தானியச் சந்தைச் சட்டம், 1927இல் பம்பாய் பருத்திச் சந்தைச் சட்டம், 1933இல் மெட்ராஸ் வணிகப் பயிர்ச் சந்தைச் சட்டம். அதன்படி திருப்பூரில் 1936இல் பருத்திக்கு ஒழுங்குமுறைச் சந்தை வந்தது. பம்பாயில் ஏற்றுமதிப் பஞ்சுக்கு 1829இலேயே சட்டம், மெட்ராஸில் விற்பவரின் தராசுக்கு 1933இல்தான்.

---

ஆவணப்பெட்டி

துலாக்கோல் சொன்னது நியாயம். பேரார்ச் சட்டத்திலும் ஒரு குறை: சந்தைக் குழுவில் வியாபாரிகள் கைதான் ஓங்கியிருந்தது, விவசாயிக்கு இடம் இல்லாத அளவுக்கு. பிந்தைய சட்டங்கள் விளைவிப்பவருக்கும் குழுவில் இடம் ஒதுக்கியதை அதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

வண்டல்மண், பதிவுகளைப் படிக்கும்போது ஒரு எச்சரிக்கை. "கண்டி" என்று வந்தால் பம்பாயா மெட்ராஸா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள், 784க்கும் 500க்கும் வித்தியாசம் சின்னது இல்லை. கொட்டைப் பருத்தியின் எடையா பஞ்சின் எடையா என்பதையும் பாருங்கள். சில அறிக்கைகளில் ஒரே பக்கத்தில் இரண்டும் வரும். தண்டனை பெற்றோர் எண்ணிக்கை குறைந்த வருடத்தைக் கலப்படம் குறைந்த வருடம் என்று எடுத்துவிடாதீர்கள். 1865 வரைக்கும் விலை ஏறிக்கொண்டிருந்தபோது வாங்கியவர் புகார் சொல்லவே காரணமில்லை. விலை விழுந்ததும் அதே சரக்கைத் தட்டிக்கழிக்கக் காரணம் தேடினார்கள். புகார்ப் பட்டியலைப் பக்கத்தில் அந்தந்த வருட விலையோடு வைத்துப் படியுங்கள்.